ராயல் பைத்தான் கையைக் கவ்விச் சுற்றிக்கொண்டது, பசியா கோபமா?

மழைத்தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். பையனுக்குப் பதினாலு வயது. ரொம்ப காலமாக நச்சரித்ததில் போன வருடக் கடைசியில் ஒரு ராயல் பைத்தான் வாங்கிக் கொடுத்தோம். மற்ற நாடுகளில் பால் பைத்தான் என்கிறார்களே, அதே பாம்புதான். குட்டி இல்லை, வேறொருவர் வீட்டில் வளர்ந்த மூன்று வயதுப் பெண் பாம்பு, எடை 900 கிராம் பக்கம். வந்த புதிதில் சாது என்றால் அப்படி ஒரு சாது. பையன் தோளில் போட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவான், அது பாட்டுக்குச் சட்டைக் காலருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கிடக்கும்.

இப்போது இரண்டு முறை கடித்துவிட்டது. முதல் தடவை பையனை. நண்பன் வீட்டில் ஹாம்ஸ்டரை, எலி மாதிரியான வளர்ப்புப் பிராணியை, கொஞ்சிவிட்டு வந்தவன் நேராகப் போய்ப் பெட்டிக் கதவைத் திறந்து கையை விட்டிருக்கிறான். கட்டைவிரலுக்குக் கீழே கவ்விய பாம்பு விடவே இல்லை, மணிக்கட்டைச் சுற்றி இறுக்கவும் ஆரம்பித்துவிட்டது. என் கணவர் பதற்றத்தில் தலையைப் பிடித்து இழுத்ததில் தோல் கீறி ரத்தம். காயம் சின்னதுதான், ஆனால் வீடே கதிகலங்கிப் போனது. அடுத்தது சில வாரம் கழித்து, கணவரை. பெட்டியைச் சுத்தம் செய்வதற்காக அது ஒளிந்திருந்த குகையைத் தூக்கிவிட்டு மேலிருந்து கையை நீட்டியிருக்கிறார். புஸ் என்று ஒரு சீறல், கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கடி, உடனே விட்டுவிட்டுச் சுருண்டுகொண்டது. அதன் கண்கள் இரண்டும் வெளிறிப் போய்ப் பால் படிந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தோம்.

இதற்கு முன்னால் வைத்திருந்தவர் ஐந்து நாளைக்கு ஒரு சுண்டெலி கொடுத்தாராம், நாங்களும் ஃப்ரீசரில் உறைந்த எலியை உருகவைத்து அப்படியே தொடர்ந்தோம். கடிக்குப் பிறகு கணவர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, பெட்டிக்குள் சாப்பாடு வைப்பதால்தான் கையையும் சாப்பாடு என்று நினைக்கிறது, தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்கிறார். இரண்டு முறை முயன்றோம். டப்பாவுக்குள் பந்தாகச் சுருண்டு உட்கார்ந்ததே தவிர எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து மாமியார் போனில், பசியில்தான் கடிக்கிறது, பாலும் முட்டையும் வை என்கிறார்.

பாம்பு முரடாக மாறிவிட்டதா? கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டுமா? டப்பா சரியா தப்பா? வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடு என்ற ஆலோசனை எங்கள் வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது, அது வேண்டாம்.

கொம்பேறிமூக்கன்:

அக்கா, நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. இரண்டு கடியும் ஒரே வகைக் கடி இல்லை. பையனுக்கு விழுந்தது சாப்பாட்டுக் கடி, உங்கள் வீட்டுக்காரருக்கு விழுந்தது பயத்தில் வந்த கடி. சாப்பாடு என்று நினைத்துப் பாயும் பாம்பு கவ்வியதை விடாது, உடம்பைச் சுற்றி இறுக்கும், ஏனென்றால் அது இரையைக் கொல்லும் முறையே அதுதான். பயந்த பாம்பு கழுத்தை ‘எஸ்’ வடிவில் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, சீறி, அடித்துவிட்டு உடனே விலகும், அதற்கு உங்களைத் தின்னும் எண்ணம் இல்லை, தள்ளிப் போ என்கிறது, அவ்வளவுதான். கோபம், பழிவாங்கல் எல்லாம் நம் சினிமாப் பாம்புக்கு மட்டுமே.

முதல் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் பாம்புக்கு உதட்டு ஓரமாக வரிசையாகக் குழிகள் இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். அவை சூட்டை உணர்பவை. சுற்றியிருப்பதைவிடச் சூடாக ஏதாவது அசைந்தால் இருட்டிலும் அதற்குத் தெரிந்துவிடும். அதோடு நாக்கை நீட்டி நீட்டி வாசனை பிடிக்கும். இப்போது ஹாம்ஸ்டர் வாசனையோடு, 30 டிகிரிக்கு மேல் சூடுள்ள, அசைகிற ஒரு கை கதவு திறந்த உடனே உள்ளே வருகிறது. பாம்பின் இடத்தில் இருந்து பார்த்தால் அது கை இல்லை, கொழுத்த எலி. இதில் பாம்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஐந்து நாளைக்கு ஒரு முறை எலி என்றால், கதவு திறக்கும் நேரத்தில் பெரும்பாலும் சாப்பாடுதான் வந்திருக்கும். தவிட்டு வாளி சத்தம் கேட்டதும் மாடு எழுந்து நிற்பதில்லையா, அதேதான். நீங்கள் மாற்ற வேண்டியது பாம்பின் குணத்தை அல்ல, கதவு திறந்தால் எலி என்ற அதன் கணக்கை.

அதற்கு நாங்கள் செய்வது ரொம்ப எளிமையானது. கையில் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும், கையை விடுவதற்கு முன்னால் ஒரு நீளமான பொருளால் பாம்பின் உடம்பை மெதுவாகத் தொட வேண்டும். பாம்புக் கொக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றால் பரிசுத்தாள் சுற்றி வரும் அட்டைக் குழாய் போதும். தலையைக் குத்தக்கூடாது, உடம்பின் நடுப்பகுதியில் ஒரு மென்மையான தடவல். சாப்பாட்டு நினைப்பில் தலையைத் தூக்கி, நாக்கை வேகவேகமாக நீட்டிக்கொண்டிருக்கும் பாம்பு இந்தத் தொடுதலில் நினைப்பு மாறித் தலையைத் தாழ்த்தும், அல்லது லேசாகப் பின்வாங்கும். அதைப் பார்த்த பிறகு பக்கவாட்டிலிருந்து நடு உடம்பைத் தாங்கித் தூக்குங்கள். தயங்கித் தயங்கிக் கையை நீட்டி நீட்டி இழுப்பதுதான் மோசம், அது பார்க்க இரை ஓடுவதாகவே இருக்கும். எலி கொடுக்கும் நாளில் மட்டும் இந்தத் தொடுதல் கிடையாது. சில வாரத்தில் பாம்புக்குப் பிடிபட்டுவிடும், தொட்டால் தூக்கப் போகிறார்கள், தொடாவிட்டால் சாப்பாடு.

எலி கொடுக்காத நாட்களிலும் கதவைத் திறங்கள். தண்ணீர் மாற்றுங்கள், மூடுங்கள், ஒன்றும் நடக்க வேண்டாம். ராத்திரி விளக்கணைத்த பிறகு குகை வாசலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் அது பதுங்கி வேட்டைக்குக் காத்திருக்கிறது, அந்த நேரத்தில் கையை விடவே விடாதீர்கள். பகலில் எடுங்கள். வாசனையில்லாத சோப்பில் கை கழுவிவிட்டு எடுங்கள், எலி, ஹாம்ஸ்டர், கோழிக்கறி எதையாவது தொட்டிருந்தால் இரண்டு முறை கழுவுங்கள்.

இரண்டாவது கடிக்கு வருகிறேன். கண் பால் படிந்திருந்தது என்றீர்கள், அது சட்டை உரிக்கப் போகிறது. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவில் திரவம் சேர்வதால் கண் மங்கி, சரியாகப் பார்வை தெரியாமல் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் கூரையைத் தூக்கிவிட்டு மேலிருந்து ஒரு கை இறங்கினால், காட்டில் பருந்து இறங்குவதும் அப்படித்தான். சட்டை உரித்து முடிக்கும் வரை தூக்க வேண்டாம், சாப்பாடும் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் இருக்கும்.

கையுறை வேண்டாம். தடித்த கையுறை போட்டால் எவ்வளவு அழுத்துகிறோம் என்று நமக்கே தெரியாது, இறுக்கிப் பிடித்துவிடுவோம். மாமியாரிடம் பணிவாகச் சொல்லுங்கள், பாம்பு பால் குடிக்கிற பிராணி இல்லை. முட்டை மட்டுமே தின்று வாழும் பாம்பு ஆப்பிரிக்காவில் உண்டு, உங்கள் பாம்பு அது இல்லை.

வயல்நண்டு:

கொம்பேறி சொன்னதில் எல்லாம் சரி, ஆனால் டப்பா பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. நான் பல வருடமாக டப்பாவில்தான் கொடுக்கிறேன், இதுவரை ஒரு கடிகூட வாங்கியதில்லை. பெட்டிக்குள் மரத்தூளும் பட்டையும் இருக்கும்போது எலியோடு அதையும் சேர்த்து விழுங்கிவிடாதா? டப்பாவில் அந்தத் தொல்லை இல்லை, முடித்ததும் திருப்பி விட்டுவிடலாம். வேலை செய்கிற முறையை ஏன் மாற்ற வேண்டும்?

கொம்பேறிமூக்கன்:

உங்களிடம் இருப்பது என்ன பாம்பு அண்ணா?

வயல்நண்டு:

கார்ன் ஸ்னேக்.

கொம்பேறிமூக்கன்:

அதுதான் வித்தியாசம். கார்ன் ஸ்னேக் எங்கே வைத்தாலும் சாப்பிடும், நடுத்தெருவில் வைத்தாலும் சாப்பிடும். ராயல் பைத்தான் வெட்கப் பிராணி. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம், எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகல் முழுக்க ஒளிந்து கிடக்கிற பாம்பு. அதைப் பிடித்து வெளிச்சத்தில், மறைவே இல்லாத வழுக்கல் டப்பாவில் போட்டு, சாப்பிடு என்றால் எப்படிச் சாப்பிடும்? பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொண்டது என்று அக்கா எழுதினாரே, அது பயத்தின் அடையாளம். பால் பைத்தான் என்ற பெயரே அப்படிப் பந்தாகச் சுருள்வதால் வந்ததுதான்.

இன்னும் பெரிய சிக்கல் சாப்பிட்ட பிறகு வருகிறது. இரையை விழுங்கிய சூட்டோடு, இன்னும் வேட்டை நினைப்பில் இருக்கும் பாம்பைக் கையால் தூக்கி மறுபடி பெட்டியில் விட வேண்டும். கடி வாங்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வயிற்றில் முழு எலியோடு தூக்கி அலைக்கழித்தால் கக்கிவிடவும் வாய்ப்பு உண்டு. ஒருமுறை கக்கினால் வயிற்று அமிலத்தில் தொண்டையெல்லாம் புண்ணாகும், அப்புறம் இரண்டு வாரமாவது பட்டினி போட்டு, சின்ன இரையிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். சாப்பிட்டு 48 மணி நேரம் பாம்பைத் தொடவே கூடாது என்று எல்லோரும் சொல்வது அதனால்தான். மரத்தூள் பயம் என்றால் எலியின் ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கொடுங்கள், ஒட்டாது. கொஞ்சம் பட்டை உள்ளே போனாலும் ஆரோக்கியமான பாம்புக்கு ஒன்றும் ஆகாது, காட்டில் யாரும் தட்டு வைத்துப் பரிமாறுவதில்லை.

வயல்நண்டு:

சரி, ராயலுக்கு ஒத்துக்கொள்கிறேன். என் பாம்புக்கு டப்பாதான், அதில் மாற்றமில்லை.

நைட்ஷிப்ட்:

பாம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நர்ஸாக இருக்கிறேன், காயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பைத்தானுக்கு விஷம் இல்லை, அதனால் நம் ஊரில் பாம்புக்கடி என்றதும் தோன்றும் எதையும் செய்யக்கூடாது. துணியால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுச் சில நிமிடம் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். பல் ஊசியளவுதான் இருக்கும், ஆனால் இழுத்ததால் உடைந்து உள்ளே தங்கியிருக்கலாம், குத்துகிற உணர்வு இருந்தால் காட்டுங்கள். நாள் போகப்போகச் சிவந்து வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ இங்கிலாந்தின் மருத்துவ உதவி எண் 111-ஐக் கூப்பிடுங்கள். கண்ணுக்குப் பக்கத்திலோ விரல் மூட்டிலோ ஆழமாகக் கடித்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

கடியைவிட எனக்குக் கவலை, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமிதான். ஊர்வன தமக்கு நோய் இல்லாமலே அதைச் சுமக்கலாம். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தையோ, கர்ப்பிணியோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களோ இருந்தால் பாம்பையும் அதன் பெட்டியையும் அவர்கள் தொட வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தை அடுக்களை ஸிங்கில் கழுவாதீர்கள். உறைந்த எலியை உருகவைக்கிற பாத்திரம் எலிக்கு மட்டும்தான், அது சாம்பார் வைக்கத் திரும்பக் கூடாது.

தட்டாம்பூச்சி:

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த எலி ஃப்ரீசரில் எங்கே இருக்கிறது, ஐஸ்கிரீமுக்கு மேலேயா கீழேயா?

மழைத்தூறல்:

தட்டாம்பூச்சி, மூடி போட்ட தனி டப்பாவில், கடைசி அடுக்கில். அதற்கே எங்கள் வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது.

கொம்பேறி தம்பி, நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சமையல் மேடையில் வைத்து உருகியதும் கொடுக்கிறோம், சூடு பண்ணுவதில்லை. கொடுப்பது சமையலறை இடுக்கியால், குட்டையானது. பெட்டியில் ஒட்டுகிற வட்ட முள் வெப்பமானி இருக்கிறது, சூடான பக்கம் 27 காட்டுகிறது. அடியில் ஹீட் மேட், அதாவது சூடாக்கும் விரிப்பு. குகை ஒன்றுதான், குளிர்ந்த பக்கத்தில். சாப்பிட்டு இப்போது மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, பையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு நிற்கிறது. திரும்பக் கவ்வினால் எப்படி எடுப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கொம்பேறிமூக்கன்:

கடைசிக் கேள்விக்கு முதலில். பல் எல்லாம் உள்நோக்கி வளைந்திருக்கும், அதனால் கையைப் பின்னால் இழுத்தால் இன்னும் ஆழமாகக் கிழிக்கும், பாம்பின் பல்லும் உடையும். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இன்னொருவர் வால் பக்கத்திலிருந்து சுற்றைப் பிரிக்க வேண்டும், தலைப்பக்கம்தான் பலம், வால் பக்கம் எளிதில் பிரியும். பெரும்பாலும் இது எலி இல்லை என்று தெரிந்ததும் தானே விட்டுவிடும். விடாவிட்டால் குழாயடியில் குளிர்ந்த தண்ணீரைத் தலை மேல் விடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தலையைப் பின்னாலிருந்து பிடித்து, இழுக்காமல், லேசாக முன்னோக்கித் தள்ளினால் பல் கழன்று வரும். இந்த அளவுப் பாம்பால் உங்கள் பையனுக்கு வலியும் கீறலும்தான், ஆபத்து ஒன்றும் இல்லை.

வெப்பம்தான் இப்போது பெரிய விஷயம். 27 போதாது. சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24 முதல் 26, ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம் இருக்க வேண்டும். போதிய சூடு இல்லாமல் பாம்பால் எலியைச் செரிக்க முடியாது, அதனால் அதற்குச் சாப்பிடவும் தோன்றாது. அந்த ஒட்டுகிற முள் வெப்பமானியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்பியோடு வருகிற டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்குங்கள், பக்கத்துக்கு ஒன்று. இங்கிலாந்துக் குளிரில் ஹீட் மேட் தரையைத்தான் சுடவைக்கும், காற்றை அல்ல, அதனால் மேலே ஒரு செராமிக் ஹீட்டரும் அதற்குக் கம்பிக் கூடும் தேவைப்படலாம். கூடு இல்லாமல் மாட்டினால் பாம்பு போய்ச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். எதை மாட்டினாலும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டாதீர்கள். குகை இரண்டு வேண்டும், பக்கத்துக்கு ஒன்றாக, உடம்பு நாலாபக்கமும் உரசுகிற அளவுக்கு இறுக்கமாக. ஒரே குகை குளிர்ந்த பக்கத்தில் இருந்தால் அது பாதுகாப்பா சூடா என்று தினமும் ஒன்றை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

எலியை முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜில் மாற்றி வையுங்கள். கொடுப்பதற்கு முன்னால் பையில் கட்டிச் சுடுதண்ணீரில் போட்டு உடல் சூட்டுக்கு, 38 டிகிரி சுமாருக்குக் கொண்டு வாருங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, வெடிக்கும், வீட்டில் அமைதி நிரந்தரமாகப் போய்விடும். ஆறிப்போன எலியைக் குட்டை இடுக்கியில் பிடித்து நீட்டினால் அந்த இடத்திலேயே சூடானது எது? உங்கள் கை. அதனால் முப்பது சென்டிமீட்டர் நீளமாவது உள்ள இடுக்கி. ராத்திரி, விளக்கைக் குறைத்துவிட்டு, எலியின் தலை முன்னால் வரும்படி வாலருகே பிடித்துக் குகை வாசலுக்கு முன்னால் மெதுவாக அசையுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடலாம், காலையில் எடுத்துக் குப்பையில் போடுங்கள், திரும்ப உறையவைக்க வேண்டாம். உயிருள்ள எலியைப் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பசிக்காத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும், அப்படி முதுகெலும்பு தெரியக் காயம்பட்ட பாம்புகள் உண்டு.

சாப்பிடாத மூன்று வாரம் இந்தப் பாம்புக்குப் பெரிய பட்டினியே இல்லை. நல்ல உடம்புள்ள ராயல் பைத்தான் மாதக்கணக்கில், அதுவும் குளிர்காலத்தில், தின்னாமல் கிடக்கும். வாரம் ஒரு முறை அடுக்களைத் தராசில், அதுவும் தனித் தராசாக இருக்கட்டும், எடை பாருங்கள். 900-இல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, மூச்சில் கரகரப்பு, வாயில் நுரை, தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு விடுவது எதையாவது பார்த்தாலோ ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் டப்பாவை மூட்டை கட்டிவிட்டு, வெப்பத்தைச் சரிசெய்து, ஒரு வாரம் யாரும் தொடாமல் விட்டு, அப்புறம் கொடுங்கள். தினம் தினம் எலியை நீட்டிப் பார்க்காதீர்கள், அது இன்னும் மிரளும்.

அளவும் மாற வேண்டும். சுண்டெலி இருபத்தைந்து, முப்பது கிராம்தான், இந்த எடைக்கு அது வெறும் நொறுக்குத் தீனி. ஐந்து நாளைக்கு ஒரு தீனி என்று கொடுப்பதால் அது எப்போதும் அடுத்ததை எதிர்பார்த்தே இருக்கிறது. பாம்பின் உடம்பில் தடித்த இடம் எவ்வளவோ அந்தத் தடிமனில், 50 கிராம் பக்கம் உள்ள ஒரு பெரிய எலி இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். சுண்டெலிக்குப் பழகியது உடனே எலிக்கு மாறாது, உருகவைக்கும்போது இரண்டையும் ஒரே பையில் போட்டு வாசனை ஏற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

புற்றுமண்:

சென்னையிலிருந்து. படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. நம் ஊர் மலைப்பாம்புக் குட்டி ஒன்றை வாங்கி இப்படி வளர்க்க முடியுமா? அல்லது இந்தப் பால் பைத்தான் இங்கே கிடைக்குமா, தெரிந்த ஒருவர் தருகிறேன் என்கிறார்.

மணிமுத்தாறு:

மலைப்பாம்பை நினைத்தே பார்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி, புலிக்கு உள்ள அதே அட்டவணை. பிடிப்பதும் வைத்திருப்பதும் ஜெயில்தான். பால் பைத்தான் வெளிநாட்டுப் பிராணி, ஆனால் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு இப்படிப்பட்ட பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், அதற்கு 2024-இல் விதிமுறையும் வந்து அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு நடக்கிறது. தெரிந்த ஒருவர் தருகிறார் என்றால் முதலில் காகிதத்தைக் கேளுங்கள். பாங்காக்கிலிருந்து பயணப் பெட்டியில் அடைத்து வருகிற பால் பைத்தான்கள் நம் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் எத்தனை முறை பிடிபட்டிருக்கின்றன என்று செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். காகிதம் இல்லாத பாம்பு அந்த வழியில் வந்ததாகவே இருக்கும்.

பைத்தான் ஆசை இருந்தால் ஒரு நாள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலிக்குப் போய் இருளர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். அந்த ஊர்ப் பாம்புபிடி கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடாவுக்குப் போய், யார் யாரோ வளர்த்து விட்டதில் காடெல்லாம் பெருகிப்போன பர்மியப் பைத்தான்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்க்க முடியவில்லை என்று பாம்பைக் காட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களிடம் நேரில் பார்த்த கதை இருக்கும்.

வயல்நண்டு:

மழைத்தூறல் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். பையன் நாலு வருடத்தில் கல்லூரிக்குப் போய்விடுவான், அப்புறம் யார் பார்ப்பார்கள்? முப்பது வருடம் சாதாரணமாக வாழும் பிராணி இது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 62 வயதுக்கு மேல் ஆன ஒரு பால் பைத்தான் 2020-இல் ஏழு முட்டை இட்டது, அதுவும் பல வருடமாக ஆண் பாம்பின் பக்கமே போகாமல்.

மழைத்தூறல்:

வயல்நண்டு, இதை என் கணவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லோருக்கும் நன்றி. டிஜிட்டல் வெப்பமானியில் பார்த்தால் சூடான பக்கம் 26-ஐத் தாண்டவே இல்லை, அந்த முள் 27 என்று பொய் வேறு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஹீட்டர், கூடு, தெர்மோஸ்டாட், இரண்டாவது குகை எல்லாம் வந்தாயிற்று, பாம்பை வாங்கிய விலையைவிட இது அதிகம். ஒரு வாரம் யாரும் தொடவில்லை. நேற்று ராத்திரி பையன் நீளமான இடுக்கியில் சூடான சுண்டெலியை நீட்டினான், எடுத்துக்கொண்டது. எலிக்கு மாறுவதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அட்டைக் குழாயால் தொடும் பயிற்சியை வார இறுதியில் ஆரம்பிக்கிறான், முதல் சில முறை அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை.

இன்னொரு கேள்வி. ஆகஸ்டில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருவார், எலி கொடுக்கச் சொன்னால் மறுபடி என் வாசல்படியே மிதிக்க மாட்டார். என்ன செய்வது?

கொம்பேறிமூக்கன்:

பாட்டி எலி கொடுக்கவே வேண்டாம். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்னால் ஒரு சாப்பாடு கொடுத்துவிடுங்கள், கிளம்பும்போது வயிறு செரித்திருக்கும், மூன்று வாரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கனமான கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அதை இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றவும் வெப்பமானி எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பவும் மட்டும் யாரிடமாவது சொல்லுங்கள். பாட்டிக்கு அதுவும் பயம் என்றால் பையனின் அந்த ஹாம்ஸ்டர் நண்பனைக் கேட்கலாம், கை கழுவிவிட்டு வரச் சொல்லி. கதவுக்குப் பூட்டு இருக்கிறதா? ராயல் பைத்தான் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறக்கும், நீங்கள் ஊரில் இருக்கும்போது அது பாட்டி வீட்டுக்குப் போய்விட வேண்டாம்.

மழைத்தூறல்:

பூட்டு இல்லை. நாளைக்கே வாங்குகிறேன்.